ஆறு நாள் உழைப்பும் அரைப் பங்குக் காசும்: மன்னார்த் தெருக்களின் கணக்கு

மன்னாரின் வரலாறு என்றதும் கோட்டை, முத்துக்குளிப்பு, மாந்தைத் துறைமுகம், மடுத் திருத்தலம், தலைமன்னார்க் கப்பல் என்று பேச்சு நீளும். இவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. ஆனால் ஓர் ஊருக்குள் நுழையும் ஒழுங்கையை யார் போட்டார்கள்? எவருடைய காசில் போட்டார்கள்? போடுவோம் என்று தீர்மானித்தவர் யார்? மாரியில் அது கரைந்து போனால் திருத்த வேண்டியவர் யார்? இந்தக் கேள்விகளை நமது வரலாற்றுக் கட்டுரைகள் அரிதாகவே எழுப்பியுள்ளன. ஓர் ஊரின் மக்களை அரசு எப்படி எண்ணியது, எந்த இடத்தில் எண்ணாமல் விட்டது என்பதைத் தெருக் கணக்கு காட்டுவதுபோல வேறெதுவும் காட்டாது என்பது எனது எண்ணம்.

மன்னாரில் இரண்டு வகைப் பாதைகள் உண்டு. ஒன்று, எங்கள் மேலால் போன பாதை. மற்றையது, எங்களிடம் வந்த பாதை. முதல் வகைக்குப் பணப் பஞ்சம் பெரிதாக இருந்ததில்லை. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் தோணியில் வந்திறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தது மன்னார்க் கரையிலிருந்துதான். அந்த வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர் தொகை மிகப் பெரியது. 1914இல் தலைமன்னார் வரை புகைவண்டி ஓடத் தொடங்கியதும், தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்து அதனுடன் இணைந்ததும் இந்தப் போக்குவரத்தின் தொடர்ச்சியே. 1930இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் வீதிப் பாலம் திறக்கப்பட்டது. பாதையின் ஒரு முனையில் இராமேஸ்வரமும் மறு முனையில் மலைநாடும் கொழும்பும் இருந்தன. இடையில் இருந்த நாம் அதைப் பயன்படுத்தினோம். ஆயினும் அது நமக்காகப் போடப்பட்டதல்ல.

இரண்டாம் வகைப் பாதையின் கதைதான் இங்கு சொல்ல வந்தது.

ஆறு நாள்

1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1848இல், தேசாதிபதி டொறிங்டன் காலத்தில் வந்த வீதிச் சட்டம் அதையே வேறு பெயரில் திருப்பிக் கொண்டுவந்தது. வயது வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும். அல்லது மூன்று சிலிங் கட்டி விடுபட வேண்டும். தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தொழிலாளருக்கு விலக்கு இருந்தது. அதே ஆண்டு கண்டிப் பகுதியில் மூண்ட கிளர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

இந்தச் சட்டமும், தொடர்ந்து 1861இல் வந்த சட்டமும் மாகாணத்துக்கு ஒரு வீதிக் குழு, மாவட்டத்துக்கு ஒரு வீதிக் குழு என்று ஏற்படுத்தின. ஐரோப்பியர், பறங்கியர், சுதேசிகள் என்று பிரித்து உறுப்பினர் வைத்தனர். மன்னாரின் முஸ்லிமும் கத்தோலிக்கரும் சைவரும் ‘சுதேசி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கினர். குழுவின் கையிலிருந்த பணம் பெரும்பாலும் அந்தத் தலைவரிப் பணமே.

இதிலுள்ள அநீதியைப் பொதுவாக, ஏழையும் பணக்காரனும் ஒரே தொகை கட்டினார்கள் என்ற அளவில் சொல்லி நிறுத்திவிடுகிறோம். மன்னாரைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கும் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று அறவிடும் வரி, தலைகள் நெருக்கமாக உள்ள இடத்துக்கே உதவும். மன்னார் மாவட்டம் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. 2012 குடிசன மதிப்பீட்டின்போதுகூட அதில் வாழ்ந்தோர் ஒரு இலட்சம் பேரளவே. ஆட்கள் குறைவு, தூரம் அதிகம் என்றால் ஆறு நாள் உழைப்பை எந்த வீதியில் பரப்புவது?

மண்ணும் ஒத்துழைக்கவில்லை. முருங்கனைச் சூழ்ந்த வயல் நிலம் கனத்த களி மண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் பின்னாளில் களி ஏற்றிச் சென்றது இங்கிருந்துதான். கோடையில் கைவிரல் நுழையுமளவு வெடிக்கும். மாரியில் பசைபோல் ஊறி வண்டிச் சில்லைப் பிடித்துக்கொள்ளும். தீவுப் பக்கம் போனால் மணல். களியிலோ மணலிலோ ஒரு வீதி நிற்க வேண்டுமானால் கிறவலும் கல்லும் தூரத்திலிருந்து வர வேண்டும், அணை உயர்த்த வேண்டும், மதகு கட்ட வேண்டும். கல்லும் மதகும் வெறும் உடல் உழைப்பால் வந்துவிடா. அவற்றுக்குக் காசு வேண்டும். எனவே பெருவீதி தாங்கி நின்றது, ஊரொழுங்கை வண்டித் தடமாகவே கிடந்தது.

1920களில் ஏ. ஈ. குணசிங்க போன்றோர் இந்த வரியைச் செலுத்த மறுத்து நடத்திய போராட்டத்தின் பின்னர் தலைவரி ஒழிந்தது. அது நல்லதே. ஆனால் ஊரொழுங்கைக்கு அடுத்து யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நின்றது.

அரைப் பங்கு

இதே காலத்தில் மலைநாட்டில் நடந்ததைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். துரைமாரின் தோட்டங்களுக்குக் கிளை வீதிகள் தேவைப்பட்டன. அதற்கென்று தனிச் சட்டங்களே இயற்றப்பட்டன. 1896இன் கிளை வீதிச் சட்டமும், 1902இன் தோட்ட வீதிச் சட்டமும் அவற்றில் முக்கியமானவை. அவற்றின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீதியால் எந்தெந்தத் தோட்டங்கள் பயனடையும் என்று எல்லை வகுப்பார்கள். அந்த எல்லைக்குள் உள்ள காணிச் சொந்தக்காரர் தமக்குள் ஒரு குழு அமைப்பார்கள். செலவில் பாதியை அவர்கள் ஏக்கர்க் கணக்கில் பங்கிட்டுச் செலுத்த, மறுபாதியை அரசாங்கம் கொடுக்கும்.

இன்று அமெரிக்க நகரங்களில் ‘அபிவிருத்தி வலயம்’ என்று சொல்லப்படும் முறையின் அடிப்படையும் இதுவேதான். ஒரு தெருவுக்கு நடைபாதையோ வடிகாலோ நீர்க்குழாயோ வேண்டுமென்றால், அதனால் பயன்பெறும் காணிகளைச் சுற்றி ஒரு கோடு கீறுவார்கள். உள்ளே உள்ள உரிமையாளர்கள் இசைவு தெரிவித்தால் நகரசபை கடன் எடுத்து வேலையை முடிக்கும். கடனை அந்தக் காணிகள் பத்து, இருபது ஆண்டுத் தவணைகளில் அடைக்கும். பம்பாயில் கொள்ளை நோய் பரவிய பின் 1898இல் ஏற்பட்ட நகர மேம்பாட்டு நம்பிக்கைச் சபையும், இலங்கையில் 1915இல் வந்த வீடமைப்பு, பட்டின மேம்பாட்டுச் சட்டமும் இந்தச் சிந்தனைக்குத் தூரத்து உறவினரே.

ஆகவே மலைநாட்டில் ஏக்கருக்குக் காசு கொடுத்தவனுக்கு அரசு அதற்குச் சமமான காசைக் கொடுத்தது. தீர்மானிக்கும் உரிமையையும் கொடுத்தது. மன்னாரில் உடம்பைக் கொடுத்தவனுக்கு இரண்டும் இல்லை. பங்கு கேட்பது அநீதியல்ல. பங்கைக் கேட்டுவிட்டுச் சொல்லை மறுப்பதே அநீதி.

இந்த முறை நமது நிலத்துக்கு முற்றிலும் அந்நியமானதுமல்ல. தேசாதிபதி வார்ட் காலத்தில், 1856இல், நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. ஒரு பகுதியின் வயற் சொந்தக்காரரில் மூன்றில் இரண்டு பங்கினர் இணங்கினால் அந்தச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வரும். பழைய வழக்கப்படியான குளக் கட்டு, வாய்க்கால் வேலைகள் எல்லோரையும் கட்டுப்படுத்தும். குளம் திருத்த அரசு செலவிட்ட பணத்தை வயற்காரர் தவணை முறையில் திருப்பிக் கட்டும் ஏற்பாடு பின்னர் சேர்ந்தது. கட்டுக்கரைக்குளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் உயிர்பெற்றது இந்தக் கொள்கைகள் நிலவிய காலத்தில்தான். அருவியாற்றை மறித்த தேக்கத்திலிருந்து வரும் தண்ணீர், பெரிய குளத்தை நிரப்பி, அங்கிருந்து சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் பிரிகிறது. வாய்க்காலில் எனது முறை எப்போது, எனது வேலைப் பங்கு எத்தனை பாகம் என்பதை நானாட்டான் பக்கத்து வயற்காரருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு இருந்த இந்த ஒழுங்கு தெருவுக்கு வரவில்லை. வயலில் விளைச்சல் இருந்தது, அரசுக்கு வருமானம் இருந்தது என்பதே அதற்குக் காரணம்.

முத்துக் கண்ட இடத்தில் ஒரு பட்டினம்

வருமானம் உள்ள இடத்துக்குத் தெரு எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு நமது கரையிலேயே சான்று உண்டு. முத்துக்குளிப்புக் காலங்களில் மறிச்சுக்கட்டிக் கடற்கரையில் ஒரு பட்டினம் எழும். ஓலையாலும் தடியாலும் ஆனதென்றாலும், நேரான தெருக்கள், கடைத்தெரு, காவல், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், குடிநீர் ஏற்பாடு எல்லாம் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் குளியாட்களும், அரபுக் கரைகளிலிருந்து வந்தோரும், செட்டிமாரும் பல்லாயிரக்கணக்கில் கூடுவர். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் கிடைத்தது. 1906இல் அங்கு பணியாற்றியவர்களுள் இளம் அதிகாரியாக இருந்த லெனார்ட் வூல்ஃபும் ஒருவர்.

அந்த 1906இல் முத்துப் பாறைகள் லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளில் சிப்பி இல்லாமற் போயிற்று. பட்டினமும் போயிற்று. ஆனால் முசலியின் ஊர்கள் போகவில்லை. மறிச்சுக்கட்டியும் கரடிக்குளியும் பாலைக்குளியும் சிலாவத்துறையும் அங்கேயே இருந்தன. முத்துக்காகப் போடப்பட்ட தெருக்களில் ஒன்றுகூட அவர்களுக்கென்று மிஞ்சவில்லை. இலட்சக்கணக்கில் வருமானம் தந்த மண்ணின் குடிகளுக்கு அதில் ஒரு மதகளவு பங்குகூடக் கிடைக்கவில்லை.

பள்ளிவாசல் கணக்கு

அரசின் கணக்குக்கு வெளியே நம்மவரிடம் வேறொரு கணக்கு இருந்தது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், கரிசல், விடத்தல்தீவு, முசலிப் பக்கத்து ஊர்கள் என்று எங்கு பார்த்தாலும் பள்ளிவாசலைச் சூழ்ந்தே குடியிருப்பு. குடும்பத்துக்கு இவ்வளவு சந்தா, மீன் பாட்டில் ஒரு பங்கு, அறுவடையில் ஒரு பங்கு என்று சேரும் பணத்தில் பள்ளி நடக்கும், மத்ரஸா நடக்கும், மையவாடி வேலி அடைபடும், ஊர்க் கிணறு தூர்வாரப்படும். தமிழகத்துக் கரையூர்களில் இதையே தலைக்கட்டு வரி என்பர்.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு உண்டு. மதீனாவில் ரூமாக் கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு விட்டதை நாம் அறிவோம். வரலாற்று நூல்களில் வரும் ஓர் அறிவிப்பின்படி முதலில் அவர்கள் வாங்கியது கிணற்றின் அரைப் பங்கையே. ஒரு நாள் அவர்களுடைய முறை, மறுநாள் பழைய சொந்தக்காரரின் முறை. தம்முடைய நாளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது, மற்றவரின் நாளில் தண்ணீர் வாங்க ஆளில்லை; எஞ்சிய பங்கும் விலைக்கு வந்தது. கலீபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி ஸுபைதா, மக்காவுக்கு நீர் கொண்டுவந்ததும், கூபாவிலிருந்து வரும் ஹஜ் பாதை நெடுகக் குளமும் தங்குமிடமும் அமைத்ததும் உலகறிந்தவை. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கருதும் சமூகம் நாம். ஓடும் நீரும் நடக்கும் பாதையும் ஸதகா ஜாரியா என்று ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஆயினும் இந்தக் கணக்கின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மஹல்லாவின் எல்லை வேறு, தெருவின் எல்லை வேறு. மன்னாரில் ஒரே ஒழுங்கையின் தொடக்கத்தில் கத்தோலிக்கர் வீடும், நடுவில் முஸ்லிம் வீடும், முடிவில் சைவர் வீடும் இருக்கலாம். மழை வெள்ளம் ஜமாஅத் பார்த்து ஓடுவதில்லை. சந்தாப் புத்தகத்தில் பெயரில்லாத விதவையின் வீட்டுக்கும் அதே ஒழுங்கைதான். கணக்கை நிருவாகிகள் சிலரே அறிவர். ஸகாத் பணத்தை எடுக்கலாமே என்று சிலர் கேட்பர். பாதைக்கும் பாலத்துக்கும் ஸகாத்தைச் செலவிடுவதைப் பெரும்பான்மையான பிக்ஹு அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. வக்புச் சொத்துகளுக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் உண்டு. தெருவுக்குச் சேர்த்த சந்தாவுக்கு எந்தச் சட்டமும் இல்லை. கொடுக்க மறுப்பவனைக் கேட்க வழியில்லை. போட்ட தெருவை அரசின் பதிவில் ஏற்றவும் வழி தெரியவில்லை.

சபைகள்

1871இன் கிராமச் சமுதாயச் சட்டம் முதல் கிராமச் சபைகள் படிப்படியாக ஏற்பட்டன. மக்கள் தொகை குறைந்த பட்டினங்களுக்கு 1892இல் சுகாதாரச் சபைச் சட்டம் வந்தது. 1939இல் நகரசபைச் சட்டமும் 1946இல் பட்டினசபைச் சட்டமும் வந்தன. நகரசபைச் சட்டத்தில் ஒரு வாசகம் கவனிக்கத்தக்கது. தனியார் தெரு ஒன்று செப்பனிடப்படாமல் கிடந்தால், அதை மட்டப்படுத்திக் கல்லிட்டு வடிகால் அமைக்கும்படி தெருவை முகப்பாகக் கொண்ட காணிக்காரரைச் சபை பணிக்கலாம். அவர்கள் செய்யாவிடில் தானே செய்து செலவை அவர்களிடம் அறவிடலாம். பங்கு முறை சட்டத்தில் இருந்தது. மலைநாட்டுத் துரைக்குக் கிடைத்த அரசின் மறுபாதி மட்டும் இதில் இல்லை.

கிராமச் சபை சிறியதுதான், வருமானம் சொற்பம்தான். ஆனாலும் அதன் உறுப்பினர் உள்ளூரவர். எந்த மதகு அடைபட்டது என்று அவருக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை. 1981இல் கிராமச் சபைகளும் பட்டினசபைகளும் ஒழிக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவை நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இயற்றப்பட்டு, 1991இலேயே சபைகள் இயங்கத் தொடங்கின. அந்தப் பத்தாண்டில் ஊர் மட்டத்தில் மக்கள் தெரிவுசெய்த நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் வடபுல முஸ்லிம்களின் பேரழிவு நிகழ்ந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பிரதேச சபைச் சட்டத்தின்படி சோலைவரி எங்கும் அறவிட முடியாது. கட்டடங்கள் செறிந்த பகுதி என்று பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில்தான் அறவிடலாம். மற்ற இடங்களில் பயிர்செய் காணிக்கு ஏக்கர் வரி. அதாவது இங்கும் ஒரு கோடு கீறப்படுகிறது. கோட்டுக்குள் வந்தால் வரி உண்டு, பதிவேட்டில் பெயர் உண்டு, தெருவிளக்கும் வடிகாலும் கேட்கும் நியாயம் உண்டு. கோட்டுக்கு வெளியே நின்றால் வரியுமில்லை, நியாயமும் பலவீனம். மடுப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கென்று ஒரு பிரதேச செயலகம் உண்டு. தனியான பிரதேச சபை இல்லை. திருவிழாக் காலத்தில் நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கில் யாத்திரிகர் வரும் தலம் அது. மாதா கோயிலுக்குப் போகும் வீதியை யாரும் மறப்பதில்லை. அதைச் சூழ்ந்த கிராமங்களின் உள் ஒழுங்கைக்காரர், தமக்கு வெகுதூரத்திலுள்ள சபையிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.

பெயர் ஓரிடம், பாதம் வேறிடம்

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலோர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். வீடும் தோணியும் ஆடும் மாடும் பறிபோனதைப் பலர் எழுதிவிட்டனர். எழுதப்படாத இழப்பு ஒன்று உண்டு. தெருவின் கணக்கும் அன்று அறுந்து போயிற்று. சந்தாப் புத்தகங்கள் போயின. எந்தக் கிணறு யார் வக்பு, எந்த ஒழுங்கைக்கு யார் நிலம் விட்டுக்கொடுத்தார் என்ற நினைவுக்குச் சாட்சியாக இருந்த பெரியவர்கள் முகாம்களில் மௌத்தாகினர்.

புத்தளத்து முகாம் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்கிறேன். முகாமுக்குள் போகும் மணல் வழிக்கு இரண்டு பார வண்டிக் கிறவல் கேட்டு அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். உங்கள் வாக்கு இங்கில்லையே என்றார்கள். பொய்யல்ல. வாக்கு மன்னாரில் இருந்தது. மன்னாரில் கேட்டால், அங்கே குடியிருப்பவர் யாருமில்லையே என்பார்கள். அதுவும் பொய்யல்ல. உள்ளூராட்சிச் சபைக்குத் தெரு என்பது வாக்காளர் இடாப்பும் வரிப் பதிவேடும் சந்திக்கும் இடம். நமது பெயர் ஓரிடத்திலும் பாதம் வேறிடத்திலும் இருந்தபடியால் இரண்டு இடத்திலும் தெரு வரவில்லை. புத்தளத்து மக்களையும் இதில் குறைகூற முடியாது. அவர்களுடைய கிணற்றையும் பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும் நாங்கள் பங்கிட்டுக் கொண்டோம். அதற்கு ஈடாக அவர்களுடைய சபைகளுக்கு அரசு உரிய பங்கைக் கொடுத்ததா என்பதே கேள்வி. 2007இல் உலக வங்கிக் கடனுதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்த பிறகே பல முகாம்கள் ஊர் என்ற தோற்றத்தைப் பெற்றன. அதற்குள் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

1981 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தில் நான்கு பேரில் ஒருவர் முஸ்லிம். 2012இல் அது ஆறு பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. இடம்பெயர்ந்தோர் தமது சொந்த இடத்தில் வாக்காளராகப் பதிவதற்கு 2013இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மீள்வதற்குத் தெரு இல்லை என்று மக்கள் தயங்கினர். மக்கள் இல்லை என்று தெரு தாமதித்தது. முசலியில் இதற்கு மேல் காட்டுப் பிரச்சினையும் சேர்ந்தது. இருபது ஆண்டு ஆளில்லாமற் கிடந்த ஊர்களில் மரம் வளர்ந்தது. சில நிலங்கள் வன எல்லைக்குள் வந்தன. 2017இல் மாவில்லு வனப் பிரகடனம் வந்தது. வில்பத்து ஊடாகப் புத்தளம் செல்லும் வீதி குறித்துச் சூழலியல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. காடு காக்கப்பட வேண்டியதே. அதை மறுக்க முடியாது. ஆனால் வனத்தின் எல்லையைக் கீறியபோது, அங்கிருந்து துரத்தப்பட்டவனின் பழைய வேலியும் கிணறும் வரைபடத்தில் ஏறவில்லை. ஏறியிருந்தால் வழக்கின் தன்மையே மாறியிருக்கும்.

மேலிருந்து வந்த கொங்கிறீட்

2009இன் பின்னர் நிலைமை மாறியது உண்மை. 2010இல் மன்னார்ப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடியது. வெளிநாட்டுக் கடனில் பெருவீதிகள் காப்பெற் ஆயின. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் உலர் வலய நகர நீர்வழங்கல் திட்டத்தில் மன்னாரும் சேர்க்கப்பட்டது. பல ஊர்களில் உள் ஒழுங்கைகளுக்கும் கொங்கிறீட் வந்தது.

இவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். எந்த ஒழுங்கை முதலில் என்பது அமைச்சின் பட்டியலிலோ அரசியல்வாதியின் பரிந்துரையிலோ தீர்மானமாயிற்று. கோரியவரின் ஒழுங்கை கிடைத்தது. கேட்கத் தெரியாதவரின் ஒழுங்கை கிடக்கிறது. வடிகால் இல்லாமல் போடப்பட்ட கொங்கிறீட், தெருவை உயர்த்தி வீட்டைத் தாழ்த்தி, மாரி வெள்ளத்தை முற்றத்துக்கு அனுப்பியதும் உண்டு. வெடித்தால் யார் திருத்துவது? சபையிடம் கேட்டால், வர்த்தமானியில் சபை வீதியாக ஏற்றப்படவில்லை என்று பதில். ஊராரிடம் கேட்டால், அரசாங்கம் போட்டது, அரசாங்கமே பார்க்கட்டும் என்று பதில். 2023 மார்ச்சிலிருந்து 2025 நடுப்பகுதி வரை மன்னாரில் தெரிவுசெய்யப்பட்ட உள்ளூராட்சிச் சபையே இருக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆள் இல்லை.

நமது முன்னோர் ஆறு நாள் உழைப்பைக் கொடுத்தும் தெருவில் சொல் பெறவில்லை. நாம் எதையும் கொடுக்காமல் தெருவைப் பெற்றோம். அப்போதும் சொல் பெறவில்லை. 1848க்கும் இன்றைக்கும் இந்த ஒரு விடயத்தில் வேறுபாடு குறைவு.

செய்யத்தக்கவை

மலைநாட்டுத் துரைமாருக்குப் பொருந்திய அரைப் பங்கு முறை மன்னார்க் குடிகளுக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். ஒரு ஒழுங்கையின் வீட்டுக்காரர் எல்லோரும், எந்த மதத்தவராயினும், ஒரு சங்கமாக வேண்டும். மஹல்லா எல்லையை விட்டுத் தெருவின் எல்லையை எடுக்க வேண்டும். சந்தா சேர்க்கும் பழக்கமும் நம்பிக்கையும் பள்ளிவாசலிடமும் கோயிலிடமும் உண்டு. அவை பிணை நிற்கட்டும், கணக்கு ஒழுங்கைக்கு உரியதாக இருக்கட்டும். வசதிக்கேற்பப் பங்கு வேண்டும். விதவைக்கும் அநாதைக்கும் விலக்கு வேண்டும். அந்தக் குறையை ஸதகாவால் நிரப்பலாம். பங்கு காசாக இருக்க வேண்டுமென்பதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குச் சிறு வேலைகளை நேரடியாக ஒப்படைக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. உழைப்பும் பங்காகக் கணக்கிடப்படலாம். ஆனால் அது தானாகக் கொடுக்கும் சிரமதானமாக, பதிவுசெய்யப்பட்ட பங்காக இருக்க வேண்டும். மீண்டும் ஆறு நாள் ஊழியமாகிவிடக் கூடாது. மறுபாதியைச் சபையும் அரசும் தர வேண்டும். வேலை தொடங்குமுன்பே ஒழுங்கை வர்த்தமானியில் ஏற வேண்டும். வடிகால் இல்லாத மதிப்பீட்டை ஏற்கக் கூடாது.

ஏழை மக்களிடம் மேலும் காசு கேட்பதா என்று சிலர் கோபிப்பர். நியாயமான கோபமே. யுத்தம் அழித்த தெருவை மீட்பது அரசின் கடன். அதில் ஒரு சதமும் மக்களிடம் கேட்கக் கூடாது. நான் சொல்வது அதற்குப் பின்னரான பராமரிப்பையும் புதிய ஒழுங்கைகளையும் பற்றியது. பங்கு கொடுத்தவனின் பெயர் பதிவேட்டில் ஏறும். 1990ஐக் கண்ட சமூகத்துக்குப் பதிவேட்டில் பெயர் இருப்பதன் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

இறுதியாக, நமது எழுத்தாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எருக்கலம்பிட்டி முதல் மறிச்சுக்கட்டி வரை, பெரியமடு முதல் தலைமன்னார் வரை, ஒவ்வொரு ஊரிலும் எஞ்சியிருக்கும் சந்தாப் புத்தகங்கள், காணி உறுதிகள், கிராமச் சபைப் பற்றுச்சீட்டுகள், வக்புப் பத்திரங்கள் ஆகியவற்றைத் தேடிப் படியெடுக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர்களிடம், இந்த ஒழுங்கைக்கு நிலம் விட்டவர் யார், இந்தக் கிணற்றுக்குக் கல் இறக்கியவர் யார் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். கவிதையும் சிறுகதையும் நிறைய எழுதிவிட்டோம். தெருவின் கணக்கையும் எழுதுவோம். அடுத்த முறை யாரேனும் வரைபடத்தில் கோடு கீற வரும்போது, எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு தாளாவது இருக்கட்டும்.